ஒரு வாய்த் தண்ணீர்

கறுப்புத் துணியைத் தூக்குவது என்னுடைய வேலை. குடை தைக்கிற துணியை நாலு மடிப்பாக வைத்துத் தைத்து, கண்ணாடித் தொட்டியை மேலிருந்து அடிவரை போர்த்தி வைத்திருப்போம். காலையில் நான் வந்து அதைத் தூக்கி, மேலே தொங்குகிற மின்குமிழைப் போட வேண்டும். உள்ளே நீலக் கோடு ஓடுகிற, சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத வரிமீன்கள் சற்று நேரம் திகைத்து நிற்கும். பிறகு ஒன்றையொன்று துரத்தத் தொடங்கும். அவற்றுக்கு அப்போதுதான் விடிகிறது. வெளியே திருகோணமலைப் பட்டினத்தில் வெயில் ஏறிப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போய் முடிந்திருக்கும். முதல் வெளிச்சம் பட்டதும் முட்டையிடுகிற மீன்கள் அவை. முட்டைகளைச் சுடச்சுடப் பொறுக்கி எடுத்து, பழுதில்லாதவற்றை நுணுக்குக்காட்டியின் கீழ் பிரித்து வைக்க இரண்டு பேர் வேண்டும். ஆனால் ஊரடங்கு தளர்ந்து, சோதனைச் சாவடி திறந்து, நான் வந்து சேரும்போது உண்மையான விடியல் கடந்து போயிருக்கும். அதனால் நாங்கள் மீன்களின் விடியலைத் தள்ளி வைத்தோம். "நீர் வந்து துணியைத் தூக்கினால்தான் இவைக்கு விடியும்" என்று மிஸ் சொல்லுவார். நான் பிந்தி வந்த நாட்களில் அதையே கொஞ்சம் அழுத்திச் சொல்லுவார்.

மிஸ்ஸை அந்த வீதியில் எல்லோரும் டொக்டர் மிஸ் என்றார்கள். வெளிநாட்டில் மீன்களைப் பற்றிப் படித்துக் கலாநிதிப் பட்டம் பெற்றவர். சமாதானம் வந்துவிட்டது என்று எல்லோரும் நம்பிய காலத்தில் ஊருக்குத் திரும்பி, டச்பே கடற்கரைக்குப் பின்னால் இருந்த தன் தகப்பனாரின் வீட்டில் முன்னறை இரண்டையும் ஆய்வுகூடமாக்கிக்கொண்டார். குசினிக்குப் பக்கத்து அறையில் தானிருந்தார். டொக்டர் என்ற பெயரைக் கேட்டுவிட்டுக் காய்ச்சல், சளி, கைகால் உளைவு என்று சனம் படலையைத் தட்டும். தான் மீன் டொக்டர் என்று மிஸ் விளங்கப்படுத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். ஒரு கிழவர் மட்டும் போக மறுத்தார். "எனக்கும் மீன் திண்டுதான் பிள்ளை வயித்துக்குத்து வந்தது. அப்ப நீங்கள்தானே பாக்க வேணும்?" என்று படியில் இருந்துகொண்டார். மிஸ் அவருக்குப் பால் விடாத பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்து அனுப்பினார். மிஸ் போடும் பிளேன்ரீயில் சீனி அளவுக்கு மேல் இருக்கும். அவருடைய சமையலையும் புகழ முடியாது. ஆனால் கடுகளவு முட்டையை உறிஞ்சுகுழாயால் தூக்கி இன்னோர் இடத்தில் வைக்கிற அந்தக் கையில் மட்டும் ஒரு நடுக்கத்தையும் நான் கண்டதில்லை.

நாங்கள் செய்த வேலையை இன்றும் சிலருக்கு விளங்கப்படுத்த நான் சிரமப்படுவதுண்டு. கொட்டியாரக் குடாவைச் சுற்றியுள்ள வயல்களில் அடிக்கிற மருந்துகள் வாய்க்கால் வழியாகவும் நிலத்துக்குள்ளாலும் எங்கே போய்ச் சேர்கின்றன, போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன செய்கின்றன என்று பார்ப்பதுதான் வேலை. மருந்தின் பெயரையும் அளவையும் சொல்லுகிற இயந்திரங்கள் கொழும்பில் இருந்தன. அந்த இயந்திரம் நாம் எதைக் கேட்கிறோமோ அதை மட்டுந்தான் சொல்லும் என்பது மிஸ்ஸின் குறை. தண்ணீரில் நாலு மருந்து கலந்திருந்தால் நாலும் சேர்ந்து ஓர் உயிருக்கு என்ன செய்யும் என்று அதற்குத் தெரியாது. மீன் முட்டைக்குத் தெரியும். முட்டைக்குள் இருக்கிற முளையம் கண்ணாடிபோல இருக்கும். ஒரு நாளில் அதற்குக் கண் வைக்கும். வால் பிரிந்து துடிக்கும். அடுத்த நாள் இதயம் அடிப்பதை, இரத்தம் ஓடுவதை நாங்கள் நேரே பார்க்கலாம். நல்ல தண்ணீரில் ஒரு வரிசையும், பார்க்க வேண்டிய தண்ணீரில் ஒரு வரிசையுமாகச் சின்னக் குழிகள் உள்ள தட்டில் முட்டைகளை வைத்துவிட்டு, இரண்டு வரிசையும் ஒன்றுபோல வளர்கின்றனவா என்று பார்ப்போம். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு சில நாட்களுக்குத் தன் வயிற்றில் ஒட்டியிருக்கும் கருவூணில்தான் வாழும். அது தானாக இரை தேடத் தொடங்குவதற்கு முன்னரே எங்கள் சோதனை முடிந்துவிடும். பெரிய மீனைக் கொன்று பார்ப்பதற்கு மிஸ் ஒருபோதும் சம்மதித்ததில்லை. தானாகத் தின்னத் தொடங்கினால் அது மீன், அதற்கு முன்னால் அது முட்டை என்பது அவருடைய கணக்கு. அந்தக் கணக்கு எனக்கு முழுதாக ஒத்துவந்ததில்லை. என் மகளுக்கு முதன்முதல் சோறு தீத்திய அன்று அது நினைவுக்கு வந்து, கவளத்தைக் கையிலேயே வைத்திருந்துவிட்டேன். என் மாமி, பிள்ளைக்குப் பசிக்கப்போகிறது என்று ஏசினார்.

தாய்மீன்கள் தங்கள் முட்டைகளையே தின்றுவிடும். அதற்காகத் தொட்டியின் அடியில் போளைகளை, கண்ணாடிக் கோலிக்குண்டுகளை, பரப்பியிருந்தோம். முட்டைகள் போளைகளுக்கு இடையில் விழுந்து தப்பிவிடும். போளை விற்ற கடைக்காரர், எங்கள் பிள்ளைகள் போளை விளையாடுவதில் இவ்வளவு கெட்டிக்காரரோ என்று கேட்டார். எங்கள் இருவருக்கும் அப்போது பிள்ளைகள் இல்லை. மிஸ் கலியாணம் முடிக்கவில்லை. எனக்கு முதலில் ஒன்று தங்காமல் போய்விட்டது. அதைப் பற்றி நான் மிஸ்ஸிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

முட்டை சொன்னதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லக்கூடாது என்பதில் அவர் இறுக்கமாக இருந்தார். தண்ணீர் தந்த சனங்கள், பயமில்லைத்தானே மிஸ் என்று கேட்பார்கள். ஓம் என்று சொன்னால் அவர்களுக்கு எவ்வளவு ஆறுதலாக இருக்கும். மிஸ் சொல்லமாட்டார். இன்னுமொரு தொகுதி முட்டையில் பார்க்க வேண்டும் என்பார். ஒரு மாதிரித் தண்ணீரை இரண்டு தரம் வெவ்வேறு நாளைய முட்டைகளில் வைத்துப் பார்த்து, இரண்டும் ஒத்துவந்தால் மட்டுமே எழுதிக் கொடுப்பார். அது எனக்குக் கல்நெஞ்சாகத் தெரிந்தது. சனத்தைப் பயத்திலேயே நிற்கவைத்துவிட்டு வருகிறோமே என்று படுக்கையில்கூட யோசிப்பேன். யோசிப்பது என் சுபாவம். அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கப் பாதி வழியில் திரும்பி வருகிற ஆள் நான்.

அந்தச் சிறுபோகத்தில், பயிர் முழங்கால் உயரத்துக்கு வந்து மருந்தடிக்கிற காலத்தில், கட்டைபறிச்சானுக்கு அப்பால் ஒரு வயற்கரைக் குடியிருப்புக்குப் போனோம். சேருவதற்கே அரைநாள் எடுத்தது. லோஞ்சுப் படகில் குடாவைக் கடந்து மூதூருக்கு, பிறகு ஓட்டோவில், பிறகு வரம்பில் நடை. மிஸ் சேலை உடுத்திருந்தார். சேலை கட்டிய பெண்களைச் சாவடிகளில் அவ்வளவு உலைக்கமாட்டார்கள் என்பது அவருடைய நம்பிக்கை. வயலும் குடிமனையும் சந்திக்கிற இடத்தில் ஒரு கட்டுக்கிணறு இருந்தது. சுற்றியுள்ள வீடுகளெல்லாம் அதில்தான் குடிக்கவும் அள்ளின. கிணற்றுக்குச் சொந்தக்காரியான அக்கா எங்களை மரத்தடியில் கதிரை போட்டு இருத்தினார். கிணற்றடியில் அவருடைய கணவர் முதுகில் மாட்டும் மருந்து மெசினைக் கழுவிக்கொண்டிருந்தார். வாய்க்கால் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்க ஏன் கிணற்றடியில் கழுவுகிறீர்கள் என்று மிஸ் கேட்டார். வாய்க்கால் தண்ணீர் கலங்கல், மெசினின் வாய் அடைத்துவிடும் என்றார் அவர். கலக்குவதும் இந்தத் தண்ணீரில்தான், கழுவுவதும் இதில்தான். அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். சுத்தமான தண்ணீர் என்பதற்காகவே அந்தக் கிணற்றைத் தேடி மெசின்கள் வந்தன. கழுவிய தண்ணீர் கிணற்றுக் கட்டைச் சுற்றி நிலத்தில் ஊறிக்கொண்டிருந்ததை நாங்கள் இருவரும் பார்த்தோம். மிஸ் வாளியைத் தாழ்த்தி, போத்தலின் வாய்வரை காற்றுக்கு இடமில்லாமல் நிரப்பி மூடினார். இதில் மீன் முட்டை வைத்துப் பார்ப்போம் என்று மிஸ் சொன்னதும் அந்த அக்கா சிரித்துவிட்டு, தண்ணி என்னவென்று எங்களுக்கும் வந்து சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். கட்டாயம் சொல்லுவோம் என்றேன் நான். மிஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

திரும்பும்போது மூதூர் இறங்குதுறையில் சோதனை கடுமையாக இருந்தது. முதல் நாள் எங்கேயோ குண்டு வெடித்திருந்தது. ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டி, கையிலிருந்த அனுமதியை விளங்கப்படுத்த மிஸ்ஸை அதிகாரியின் மேசைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். மற்ற இடத்து மாதிரிகளால் நிறைந்த ஐஸ் பெட்டிக்குள் அடங்காத அந்தக் கிணற்றுப் போத்தல் என் கைப்பையில் இருந்தது. துணி கட்டி மறைத்த கூட்டுக்குள் என்னைச் சோதித்த சிப்பாய்ப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் நாலைந்து சொல் தெரியும். போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "வத்துர" என்றேன், தண்ணீர் என்று. அவள் மூடியைத் திறந்து, மூக்கருகில் பிடித்து மணந்தாள். பிறகு என் பக்கம் நீட்டி, "பொன்ன" என்றாள். குடி.

அந்த நாட்களில் அது வழக்கம். எந்தப் போத்தலோடு யார் வந்தாலும், கொண்டு வந்தவரைக் கொண்டே ஒரு வாய் குடிக்கவைத்துப் பார்த்துவிட்டுத்தான் விடுவார்கள். அவள் செய்தது பிழையென்று நான் அன்றும் நினைக்கவில்லை. ஆனால் எனக்கு அப்போது நாலாம் மாதம். வீட்டுக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது. முதல் தடவை எல்லோருக்கும் சொல்லித்தான் கண்பட்டது என்று மாமி ஐந்தாம் மாதம்வரை வாய் திறக்க விடவில்லை. நான் தயங்கினேன். தயங்கியதைக் கண்டதும் அவளுடைய முகம் மாறியது. வெளியே நின்ற யாரையோ கூப்பிட வாயெடுத்தாள். நான் போத்தலை வாங்கி ஒரு வாய் குடித்தேன். உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றிக் குடித்தேன். அந்த நேரத்திலும் மாதிரி பழுதாகக்கூடாதென்று யோசித்திருக்கிறேன். தண்ணீர் குளிர்மையாக, மெல்லிய இனிப்பாக இருந்தது. குறை சொல்ல ஏலாத நல்ல தண்ணீர். சிப்பாய்ப் பெண் சிரித்து, மூடியைத் தானே இறுக்கிப் பூட்டி என் பையில் வைத்துவிட்டாள்.

போத்தலில் தண்ணீர் குறைந்திருப்பதை மிஸ் லோஞ்சிலேயே கண்டுவிட்டார். சாவடியில் திறந்து பார்த்தார்கள் என்று சொன்னேன். ஊற்றிவிட்டார்களா என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன்.

அடுத்த நாள் அந்தத் தண்ணீரில் முட்டைகளை வைத்தோம். முதல் நாளே சில முட்டைகள் வேகவைத்த அரிசிமணிபோல வெள்ளையாகிவிட்டன. மிச்சத்தில் கண் வைத்தது, வால் வந்தது, ஆனால் வால் நேராக இல்லை. இதயம் அடிக்கத் தொடங்கியதும் அதைச் சுற்றித் தண்ணீர்ப் பை ஒன்று ஊதிக் கிடந்தது. பெரிய சாக்குக்குள் அகப்பட்ட குருவிபோல இதயம் அதற்குள் மெதுவாக அடித்துக்கொண்டிருந்தது. நல்ல தண்ணீர் வரிசையில் எல்லாம் ஒழுங்காகத் துடித்தன. இப்படியான வரிசைகளை நான் முன்பும் பார்த்திருக்கிறேன். முன்பு குறித்துவிட்டு அடுத்த குழிக்குப் போவேன். இப்போது ஒரு குழியை விட்டு நகர முடியவில்லை. நான் குடித்ததும் இதுதான், இந்த வாளியில் இருந்துதான் என்று மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. வீட்டில் சொன்னால் மாமி என்ன சொல்வார் என்று தெரியும். கணவரிடம் சொல்லலாம், சொன்னால் அவரும் என்னோடு சேர்ந்து பயப்படுவார், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் கேட்கலாம். ஆனால் எந்த மருந்து, எவ்வளவு என்று கேட்பார்கள். எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் மிஸ்ஸிடம், வேறு எங்கேயோ பார்த்தபடி, ஒரு ஆள் இந்தத் தண்ணீரை ஒரேயொரு வாய் மட்டும் குடித்தால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"எந்த ஆள்?" என்றார் மிஸ்.

நான் தட்டின் மூடியைத் துடைத்தேன். அவர் நுணுக்குக்காட்டியிலிருந்து கண்ணை எடுத்து என் முகத்தைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பார்த்தார்.

"எத்தினை மாசம்?"

"நாலு, மிஸ்."

"இறங்குதுறையிலையோ?"

தலையாட்டினேன். அழக்கூடாதென்று நினைத்திருந்தேன். அழுதுவிட்டேன். ஒன்றும் செய்யாது, பயப்பட வேண்டாம் என்று அவர் ஒரு சொல் சொன்னால் போதும் என்று இருந்தது. மிஸ் சொல்லவில்லை. எழும்பிப் போய்க் குசினியில் தேத்தண்ணீர் போட்டார். கப்பை என் முன்னால் வைத்துவிட்டு, தனக்குத் தெரியாது என்றார். ஒரு மனிசப் பிள்ளைக்கு அது என்ன செய்யும் என்று சொல்ல இந்த அறையில் ஒருவருக்கும் ஏலாது, ஆஸ்பத்திரியில் நடந்ததை நடந்தபடி சொல், மறைக்காதே என்றார். எனக்கு அவர்மீது கோபம் வந்தது. இவ்வளவு படித்தும் ஓர் ஆறுதல் சொல்லத் தெரியாதா என்று நினைத்தேன்.

அந்த வாரம் மீன்கள் சரியாக முட்டையிடவில்லை. துறைமுகப் பக்கம் வெடிச்சத்தம் கேட்கிற நாட்களில் அவை இடமாட்டா. மூலையில் ஒதுங்கி நிற்கும். ஒரு காலை நான் துணியைத் தூக்கியபோதுதான் திரும்பத் துரத்தத் தொடங்கின. கிடைத்த முட்டை ஒரு சோதனைக்குத்தான் போதும். அந்தக் கிணற்றுத் தண்ணீரை இரண்டாந்தரம் பார்க்க நாங்கள் காத்திருந்த முட்டைகள் அவை. அதில் ஒத்துவந்தால் அந்தச் சனத்துக்குப் போய்ச் சொல்லலாம். நான் வழக்கம்போலத் தட்டைக் கழுவி எடுத்து வைத்தேன். மிஸ் போத்தலைக் கொண்டு வந்து என் கையில் தந்தார்.

"இண்டைக்கு உம்மட கேள்வியைக் கேப்பம். நல்ல தண்ணி விட்டு ஐதாக்கும்," என்றார். "பத்தில ஒண்டு, நூறில ஒண்டு, ஆயிரத்தில ஒண்டு. ஒரு வாய் தண்ணி உடம்பில போய் எவ்வளவு தண்ணியோட கலக்குது? அதைப் பாப்பம்."

"கிணத்துச் சோதனை, மிஸ்?"

"அதுக்குப் போய் இன்னொரு போத்தில் எடுக்கலாம். வாற கிழமை மீன் முட்டையிடும்."

நான் போத்தலை அவரிடமே நீட்டினேன். நீங்களே ஊற்றுங்கள் மிஸ் என்றேன். அவர் வாங்கவில்லை.

"நீரே ஊத்தும். நான் ஊத்தினா நாளைக்கு உமக்குச் சந்தேகம் வரும், மிஸ் என்னை ஆறுதல்படுத்த நல்ல தண்ணியை ஊத்திப்போட்டாவோ எண்டு. எனக்கு உம்மைத் தெரியும்."

நான் ஊற்றினேன். மேசையில் சிந்தியது, துடைத்துவிட்டுத் திரும்பவும் ஊற்றினேன். முட்டைகளையும் நானே வைத்தேன். இரண்டாம் நாள் மிஸ் தட்டுகளின் பெயர்களைக் கடதாசியால் மறைத்து, இடம் மாற்றி, ஒவ்வொன்றாக என் முன்னால் தள்ளினார். எது எது என்று சொல்லச் சொன்னார். முதலாவதை உடனே சொல்லிவிட்டேன், பத்தில் ஒன்று. வால்கள் வளைந்திருந்தன. அடுத்ததிலும் ஓரிரண்டு பிந்தியிருந்தன. மிச்சமிருந்த இரண்டில் ஒன்று நல்ல தண்ணீர், மற்றது ஆயிரத்தில் ஒன்று, என்னுடையது. நான் ஒவ்வொரு குழியாகப் பார்த்தேன். கண் கறுத்திருந்தது. வால் நேராக இருந்தது. இதயங்கள் எல்லாம் ஒன்றுபோல, அவசரமில்லாமல், அடித்துக்கொண்டிருந்தன. திரும்ப முதலில் இருந்து பார்த்தேன். வெயில் யன்னலைத் தாண்டிப் போய்விட்டது. எது எதுவென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் எழும்ப, மிஸ் இருந்து பார்த்தார்.

"எனக்கும் தெரியேல்லை," என்றார். கதிரையைப் பின்னால் தள்ளினார். பிறகு, "இது மீன். உம்மட பிள்ளையைப் பற்றி இதுக்கு ஒண்டும் தெரியாது. ஆனா நீர் பயப்படுற அளவுக்கு இந்த முட்டையள் பயப்படேல்லை," என்றார்.

வாற கிழமை என்று அவர் சொன்ன கிழமை வந்தது. மூதூருக்கு லோஞ்ச் ஓடவில்லை. சண்டை மூண்டுவிட்டது. எறிகணைச் சத்தம் குடாவுக்கு மேலால் வந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கத்துச் சனம் பைகளோடும் பிள்ளைகளோடும் காடுகளுக்குள்ளாலும் கடலாலும் வெளியேறிப் பள்ளிக்கூடங்களில் தங்கினார்கள். கிணற்று வீட்டு அக்கா எங்கே போனார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மீன்கள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன. மின்சாரம் நின்று நின்று வந்தது. எனக்கு எட்டாம் மாதமானபோது மிஸ் தொட்டிகளை ஒரு பள்ளிக்கூடத்துக்கும் அலங்கார மீன் விற்கிற கடைக்கும் கொடுத்துவிட்டுக் கொழும்புக்குப் போனார். அங்கிருந்து திரும்பவும் தான் படித்த நாட்டுக்கே போய்விட்டார். படலையில் நின்று, பிள்ளை பிறந்ததும் அறிவிக்கச் சொன்னார். எல்லாம் நல்லபடி நடக்கும் என்று அப்போதும் சொல்லவில்லை. அறிவியும் என்று மட்டும் சொன்னார்.

மகள் பிறந்தாள். நன்றாகத்தான் பிறந்தாள். ஆனால் பிந்தி நடந்தாள். அதைவிடப் பிந்திக் கதைத்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை பாட்டுப் பாடிய வயதில் இவள் விரலைக் காட்டி மட்டும் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் நான் அந்த ஒரு வாயை நினைத்தேன். டொக்டர்மார் பார்த்துவிட்டு, சில பிள்ளைகள் அப்படித்தான் என்றார்கள். அவர்களை நம்புவதற்கு எனக்கு ஒரு காரணமும் கிடைக்காத நாட்களில், என் கையால் ஊற்றிய அந்தக் கடைசி இரண்டு தட்டுகளைத்தான் நினைத்துக்கொள்வேன். மிஸ் ஊற்றியிருந்தால் நான் நிச்சயமாகச் சந்தேகப்பட்டிருப்பேன். அவர் சொன்னபடியேதான். ஆறுதல் சொல்லத் தெரியாதவர் என்று நான் அன்றைக்கு நினைத்த மனிசி, வருசக்கணக்கில் நின்று பிடிக்கக்கூடிய ஒன்றைத் தந்துவிட்டுப் போயிருந்தார். ஆனால் அதோடு இன்னொன்றும் வந்துகொண்டேயிருந்தது. அந்த முட்டைகள் எனக்கு உரியவை அல்ல. நான் குடித்தது ஒரு வாய். அந்தக் கிணற்றையே குடித்து வளர்ந்தவர்களுக்கு முட்டை என்ன சொன்னதென்று யாரும் போய்ச் சொல்லவில்லை.

இப்போது மூதூருக்கு லோஞ்சுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. பாலங்கள் போட்டுவிட்டார்கள். போத்தலைத் திறந்து யாரும் மணந்து பார்ப்பதுமில்லை. போன சிறுபோகத்தில் கணவரின் உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்காக அந்தப் பக்கம் போனபோது, மகளையும் கூட்டிக்கொண்டு அந்த வயற்கரைக்குப் போய் வருவோம் என்று நான் பிடிவாதமாக நின்றேன். வீட்டுக் கூரைக்குப் புதுச் சீற் போட்டிருந்தார்கள். கிணறு அப்படியே இருந்தது. அக்கா என்னைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு, "முட்டை மிஸ்ஸோட வந்த தங்கச்சியெல்லோ?" என்றார்.

நாங்கள் மரத்தடியில் இருந்தோம். ஓடியது, முகாமில் கிடந்தது, திரும்பி வந்தபோது முற்றம் முழுக்கப் பற்றை மூடிக்கிடந்தது என்று எல்லாம் சொன்னார். வயல் விதைக்காமல் கிடந்த அந்தக் காலத்தில் வாய்க்காலில் மீன் பெருகிக் கிடந்ததாம். கிணற்றுக்குள்கூடத் தவளை வந்து இருந்ததாம். "நாங்கள் இல்லாத நேரம் அதுகளுக்கு நல்ல சீவியம்," என்று சிரித்தார். இப்போது திரும்ப விதைக்கிறார்கள், திரும்ப மருந்தடிக்கிறார்கள். கிணற்றடியில் இரண்டு மெசின்களைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

மகள் தண்ணீர் கேட்டாள். அக்கா எழும்பிப் போய்ச் செவ்விளநீர் ஒன்றை வெட்டிக்கொண்டு வந்தார். தண்ணீரே போதுமென்று நான் மரியாதைக்குச் சொன்னேன்.

"பிள்ளைக்குக் கிணத்துத் தண்ணி வேண்டாம் தங்கச்சி. வெளியில இருந்து வாறாக்களுக்கு நாங்கள் குடுக்கிறேல்லை."

"உங்கட பிள்ளையள்?"

"அதுகள் பழகிட்டுதுகள்."

அவருடைய கடைசி மகள் வரம்பால் ஓடி வந்தாள். என் மகளின் வயதுதான் இருக்கும். கிணற்றுக் கட்டில் இருந்த வாளியைச் சரித்து, கையை ஏந்திக் குடிக்கத் தொடங்கினாள். வெயிலில் ஓடி வந்த பிள்ளை. ஒரு வாயோடு நிறுத்தவில்லை.

"அக்கா, அந்த முட்டையள் பழகேல்லை," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் கண்டதை முழுவதும் சொன்னேன். வெள்ளையானதை, வால் வளைந்ததை, இதயத்தைச் சுற்றி ஊதியிருந்ததைச் சொன்னேன். அந்த மிஸ் இதை எழுதித் தந்தவவோ என்று கேட்டார். இல்லை, ஒரு தரம்தான் பார்த்தோம், இரண்டாந்தரம் பார்க்கக் கிடைக்கவில்லை, அது மீன், மனிசருக்கு என்னவென்று எனக்குத் தெரியாது என்றேன். சொல்ல இருப்பது இவ்வளவுதானா என்று சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. அதற்கு மேல் ஒரு சொல்லும் என்னிடம் இருக்கவில்லை.

அக்கா முந்தானையால் கழுத்தைத் துடைத்தார். பிள்ளையின் கையிலிருந்த வாளியை வாங்கிக் கவிழ்த்து வைத்தார். வயலில் நின்ற கணவர் இன்னொரு மெசினை முதுகில் மாட்டிக்கொண்டு கிணற்றடிக்கு வந்துகொண்டிருந்தார்.

"இஞ்சாருங்கோ, அதை இஞ்சை கொண்டுவராதையுங்கோ. வாய்க்கால்ல அள்ளுங்கோ."

வாய்க்கால் தண்ணீருக்கு மெசின் அடைக்கும் என்று அவர் அங்கிருந்தே சத்தம் வைத்தார். இவ்வளவு காலமும் இல்லாத புதுப் பழக்கம் என்ன என்றும் கேட்டார்.

"அடைச்சா வடிச்சு ஊத்துங்கோ," என்றார் அக்கா. கொடியில் காய்ந்த, கணவர் உடுக்கிற பழைய சாரம் ஒன்றை உருவி எடுத்து, இரண்டாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, அவரை நோக்கி வரம்பில் நடந்து போனார்.